ஆறரை சென்டிமீட்டர்

இன்னும் முப்பத்து நான்கு மணி நேரம் இருந்தது. வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நொடியில் அரசாணை நடைமுறைக்கு வரும். இப்போது புதன்கிழமை மதியம் இரண்டு மணி. ஆனால் அலுவலகத் தலைவர் அன்ஸிங்கர் கணக்கை அப்படிப் போடவில்லை. நாளை நற்கருணைத் திருநாள், பவேரியா மாநிலம் முழுக்க விடுமுறை. நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமைக்கு ஊரே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தது. இன்று நான்கு மணிக்கு அலுவலகத்தைச் சாத்திவிடுவார்கள்.

"முப்பத்து நாலு இல்ல, ரெண்டு," என்றார் அவர், ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி. "ரெண்டு மணி நேரத்துல இது சுவத்துல இருக்கணும். வெள்ளிக்கிழமை காலைல மேலிடத்துலேர்ந்து யாராவது வந்து எட்டிப் பாத்தா என்ன சொல்றது? நீதானேம்மா அன்னிக்கு டியூட்டி."

வெள்ளிக்கிழமை டியூட்டி அஃப்ராவுக்குத்தான். குழந்தை குட்டி இல்லாதவள், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள், கேட்டால் மறுக்கத் தெரியாதவள். அதே மூன்று காரணங்களுக்காக ஏணியும் அவளிடமே வந்து சேர்ந்தது. இருபக்கமும் படி வைத்த அலுமினிய ஏணி. வலப்பக்கத்து நான்காவது படியில் நின்றுகொண்டு, சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளிகள் வைத்தாள். எதிரே முக்காலியில் இருந்த லேசர் மட்டத்திலிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பி, சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை முடி போல் மெல்லியதாக ஓடியது. புள்ளிகள் இரண்டும் கோட்டின்மேல் இருந்தன. அதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி மாநில அமைச்சரவை எடுத்த முடிவு இது. மாநில அரசின் ஒவ்வொரு கட்டடத்திலும், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு சிலுவை இருக்க வேண்டும். இந்த மண்ணின் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் அடையாளமாக. அன்றிலிருந்து பாதி நாடு மீதி நாட்டோடு சண்டை போட்டது. திருச்சபையின் ஆயர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். இந்த நில அளவை அலுவலகத்தில் சண்டைக்கென்று நேரமே ஒதுக்கியிருந்தார்கள்: காலை ஒன்பதரை, காபி வேளை. கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காத சக ஊழியன் கோர்பீனியன் சிலுவை வேண்டும் என்ற கட்சி. பக்கத்து நூலகத்திலிருந்து காபிக்கு மட்டும் வரும் ஹெட்விக், கோயில் பாடகர் குழுவில் முப்பத்தொரு வருடம் பாடியவர், கூடாது என்ற கட்சி. அன்ஸிங்கருக்குக் கட்சி கிடையாது. அவருக்குச் சுற்றறிக்கை உண்டு. அஃப்ரா எதுவும் பேசியதில்லை. பேசாதவர்களைத் தங்கள் கட்சி என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வதால், ஐந்து வாரமாக அவள் இரண்டு பக்கமும் இருந்தாள்.

அவள் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்களும் இரண்டு.

ஒன்று சின்னது. இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் துறவிகளின் மடத்தைச் சேர்ந்த தானியக் கிடங்கு. இருநூறு வருடங்களுக்கு முன் மடங்களின் சொத்தை அரசு எடுத்துக்கொண்டபோது, இதைக் குறுக்கே வகுந்து வலப்பாதியைத் தான் வைத்துக்கொண்டு இடப்பாதியை நகராட்சிக்குக் கொடுத்தது. வலப்பக்கம் நில அளவை அலுவலகம். இடப்பக்கம் நகர நூலகம். இரண்டுக்கும் பொதுவாக இந்த முன்கூடம். அரசாணை மாநிலக் கட்டடங்களுக்கு மட்டும்தான்; நகராட்சிகளுக்கு வெறும் வேண்டுகோள். நகர மன்றம் வாக்கெடுத்து, ஒன்பதுக்கு எட்டு என்ற கணக்கில், எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே சிலுவை கூடத்தின் வலப்பாதியில்தான் தொங்க முடியும். பாதி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தரையின் நடுவே யாரோ எப்போதோ பதித்த பித்தளைப் பட்டை இருந்தது. அறுபது வருடமாக அதுதான் எல்லை.

திங்கட்கிழமை அன்ஸிங்கர், கோப்பில் வைக்க ஒரு வரைபடம் கேட்டார். எதற்கும் வரைபடம் கேட்பவர் அவர். பிறந்தநாள் கேக் வெட்டக்கூடக் கேட்பார் என்று கோர்பீனியன் சொல்வதுண்டு. அஃப்ரா ஒழுங்குக்காக நிலவறைக்குப் போய், இருநூறு வருடத்துப் பழைய புலப்படத்தை எடுத்து வந்து அளந்தாள். எல்லை பித்தளைப் பட்டையில் இல்லை. பதினொன்றரை சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி அளந்தாள். இன்று காலை யாரும் வருவதற்கு முன் மூன்றாவது முறை. அதே பதினொன்றரை. மாவட்டம் முழுக்க வேலிக்கும் வரப்புக்கும் எல்லைக்கல் நட்டுக் கொடுக்கிற ஆபீஸ், தன் வாசலை மட்டும் அளந்ததே இல்லை. குடை வைக்கும் கூடை, கால்மிதியில் ஒரு கை அகலம், அன்ஸிங்கர் பிள்ளை போல் வளர்க்கும் ரப்பர் செடி, எல்லாம் நகராட்சி நிலத்தில் இருந்தன. சிலுவையின் அகலம் ஐம்பது. குறித்த இடத்தில் மாட்டினால் அதன் இடது கை ஆறரை சென்டிமீட்டர் அந்தப் பக்கம் நீளும். வலப்பக்கம் தள்ளவும் வழியில்லை. அங்கே மின்சாரப் பெட்டி, தீயணைப்பு உருளை, அவசர வழிப் பலகை. அவற்றை மறைத்தால் இன்னொரு அரசாணை குறுக்கே வரும்.

மற்றது சென்டிமீட்டரில் அடங்காது. ஆறு வருடங்களுக்கு முன், நில அளவையியல் படித்துக்கொண்டிருந்தபோது, அஃப்ரா திருச்சபையிலிருந்து விலகியிருந்தாள். கோபமில்லை, யாரோடும் சண்டையில்லை. ஏதோ ஒரு படிவத்தில் மதம் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. தான் அளந்து பார்க்காத ஒன்றை அளந்ததாக எழுதுகிறோம் என்று தோன்றியது. அளந்து பார்த்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு பிடித்தது, மெழுகு வாசனை பிடித்தது, அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. விலகலை அங்கே அரசுதான் பதிவு செய்யும்; படித்த ஊரின் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டாள். பதினொரு நிமிடம் ஆனது. அந்த அறையின் கதவு நிலைக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை தொங்கியது. அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்த அலுவலர், "எனக்கு முந்தியே அது இங்க இருக்கு," என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். இருவரும் சிரித்துவிட்டார்கள். வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். நல்ல நாள் அது. வீட்டில் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தாள். சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்ததில் ஆறு வருடம் போய்விட்டது.

பிப்ரவரியில் அக்கா பூர்கிக்குக் குழந்தை பிறந்தது. பிறந்து நான்கு மணி நேரமே ஆன ரோஸினாவைத் துணியில் சுற்றி அஃப்ராவின் கையில் கொடுத்து, "இந்தா, உன் ஞானப்பிள்ளை," என்றாள் பூர்கி. கேட்கவே இல்லை, சொன்னாள். அந்தக் கனம், மூன்று கிலோ நூற்று நாற்பது கிராம், அஃப்ராவின் முழங்கை மடிப்பில் இன்னும் இருந்தது. அதுவரை எதற்கும் ஆசைப்பட்டு அடம் பிடித்தவள் இல்லை அவள். இதற்கு ஆசைப்பட்டாள். ஞானஸ்நானம் வரும் ஞாயிற்றுக்கிழமை. குழந்தையை ஏந்தி ஞானத்தாயாக நிற்பவள் திருச்சபையின் உறுப்பினர் என்று, அவள் வசிக்கும் பகுதியின் பங்குக் கோயிலிலிருந்து ஒரு சான்றுக் கடிதம் வேண்டும். அங்கே போய்க் கேட்டால் பதிவேட்டைப் பார்ப்பார்கள். பதிவேட்டில் இருப்பது இருக்கும். மறுபடி சேர்ந்துகொள்ளலாம்தான், அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் ரோஸினாவுக்காகச் செய்யும் முதல் காரியமே பொய்யான அளவாக இருக்க வேண்டுமா என்று நினைத்ததும் அந்த யோசனை நின்றுவிட்டது.

மூன்று வாரமாகப் பூர்கி போனில் கேட்டாள். மூன்று வாரமாக அஃப்ரா, "நாளைக்கு வாங்கிடறேன்," என்றாள். இன்று காலை செய்தி வந்தது: "உன் நாளைக்கெல்லாம் தீந்து போச்சு. அஞ்சு மணிக்கு எங்க ஃபாதர் ஆபீஸ் மூடிருவாரு. மூணு மணிக்கு நானே வர்றேன்."

ஏணியில் நின்றபடி அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து.

"கொஞ்சம் எறக்கினா தேவல," என்றான் கோர்பீனியன், லேசருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து. ஒரு கையில் வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸல் ரொட்டி. இடுப்பு வலி என்று ஏணி ஏற மாட்டேன் என்றுவிட்டவன், யோசனை சொல்வதில் குறை வைக்கவில்லை.

"எதுக்கு எறக்கணும்? ரெண்டு மீட்டர் பத்துன்னு கோப்புல எழுதியாச்சு," என்றார் அன்ஸிங்கர்.

நூலகக் கதவு திறந்தது. ஹெட்விக் ஒரு வாளியோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றார். வாளி நிறைய சிவப்பும் வெள்ளையுமாகப் பூவிதழ்கள். நாளைக் காலை பவனி போகும் வீதியில் பூக்கோலம் போடுவதற்காக, இரண்டு நாளாக நூலகத்து மேஜைகளில் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுப் பூ உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்க அந்த வாசனை.

"மாட்டிட்டீங்களா உங்க அடையாளத்த?"

"வந்துட்டாங்கய்யா எதிர்க்கட்சி," என்றான் கோர்பீனியன்.

"எதிர்க்கட்சிதான். சிலுவைன்னா சிலுவைன்னு சொல்லி மாட்டுங்க, நான் வாயத் தொறக்கல. மண்ணோட பண்பாடு, வரலாறுன்னா, அதுக்கு ஒரு பீர்க் குவளைய மாட்டலாமே. அதுவும் பண்பாடுதான். நாளைக்கு நாங்க தெருவுல தூக்கிட்டுப் போறது என்னவாம் அப்போ? விளம்பரத் தட்டியா?"

"யக்கா, மலை உச்சிக்குப் போனா சிலுவை, முச்சந்திக்குப் போனா சிலுவை, என் மாமியா வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேல சிலுவை. இங்க மட்டும் சுவரு மொட்டையா இருக்கணுமா?"

"நீ கோயிலுக்கு வந்து எத்தன வருஷமாச்சு?"

"அதான் சொல்றேன். எங்கயாவது ஒரு எடத்துல பாக்கணும்ல."

வாசலருகே பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ரீடல் என்ற விவசாயி. வயலின் எல்லைச் சான்றுக்கு வந்தவர்; கால் மணி நேரத்துக்கு முன்பே சான்றைக் கையில் வாங்கிவிட்டார். போகவில்லை. தொப்பியை முழங்காலில் மாட்டி, பையிலிருந்து இறைச்சி வைத்த ரொட்டியை எடுத்து, நாடகம் பார்க்க வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வயல்காரனோடு நாற்பது சென்டிமீட்டர் தகராறில் பதினாறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். பிறருடைய தகராறைப் பார்ப்பதில் அவருக்கு இருந்த நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"நீங்க எந்தப் பக்கம் பெரியவரே?" என்றார் ஹெட்விக்.

"நான் ரொட்டி தின்ற பக்கம். நீங்க நடத்துங்க."

அன்ஸிங்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பை விரித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, சத்தமாகப் படித்தார். "'சிலுவை, கூடத்தின் பின்சுவரில், தரையிலிருந்து இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரத்தில், முழுவதும் மாநில அரசுக்குரிய பகுதியில் பொருத்தப்பட்டுள்ளது.' கேட்டீங்களா ஹெட்விக்? முழுவதும். உங்க பக்கம் ஒரு தூசு வராது. அஃப்ரா, அளந்தவர்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுரு, அப்பறம் துளை போட்டுரலாம்." கோப்பையும் பேனாவையும் ஏணிக்கு மேலே நீட்டினார்.

அஃப்ரா பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கான கோடு இருந்தது. அதன் மேலே அவளுடைய பெயரைத் தட்டச்சில் அடித்துமிருந்தார்கள். பெயருக்கு மேலே 'முழுவதும்' என்ற சொல். ஆறு வருடங்களுக்கு முன் அந்தப் படிவத்தில் நின்ற மாதிரியே பேனா நின்றது. கூட்டத்தில் பேச வேண்டி வந்தால் அவளுக்குக் காது மடல்கள் சூடாகும். இப்போது இரண்டும் எரிந்தன.

"முழுவதும் இல்ல சார்," என்றாள்.

"என்னம்மா?"

"ஆறரை சென்டிமீட்டர் அந்தப் பக்கம் போகுது. பித்தளைப் பட்டை தப்பான எடத்துல இருக்கு. எல்லை பதினொன்றரை தள்ளி இருக்கு, நம்ம பக்கமா. மூணு தடவ அளந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று, "உங்க ரப்பர் செடி நகராட்சில இருக்கு சார்," என்றாள்.

கோர்பீனியன் ப்ரெட்ஸலை மெல்லுவதை நிறுத்தினான். ரீடல் மெதுவாக எழுந்து நின்றார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி," என்றார் ரீடல், ஒவ்வொரு சொல்லாகச் சுவைத்து, "கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம். பதினாறு வருஷமா எனக்கு நாப்பது சென்டிமீட்டர் பஞ்சாயத்து பண்ணின ஆபீஸ். சர்க்காரே ஆக்கிரமிப்பு. இத நான் எங்க பக்கத்து வயக்காரன்கிட்ட சொல்லியே ஆகணும்."

"நீங்கதான் பேசறதில்லையே," என்றான் கோர்பீனியன்.

"இதுக்காகப் பேசுவேன்."

அன்ஸிங்கர் யார் பேச்சையும் கேட்கவில்லை. பழைய புலப்படத்தைக் கொண்டுவரச் சொன்னார். எஃகு அளவுநாடாவை எடுத்தார். ஐம்பத்தொன்பது வயதில், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு தரையில் மண்டி போட்டு, இடப்பக்கச் சுவரின் அடிக்கல்லிலிருந்து தொடங்கினார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஹெட்விக் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் வாழ்நாளில் முதல் முறையாக நில அளவைக்கு உதவினார். அவர் விரலில் ஒட்டியிருந்த பூவிதழ் ஒன்று நாடாவின்மேல் விழுந்தது. அன்ஸிங்கர் அதை ஊதித் தள்ளிவிட்டு எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார். அஃப்ரா ஏணியிலிருந்து அவர் வழுக்கையின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

அவர் நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "பதினொன்றரை," என்றார். "பன்னெண்டு இல்ல, பதினொண்ணு இல்ல. இருநூறு வருஷத்துக்கு முந்தி சங்கிலி வச்சு அளந்திருக்கான், இன்னிக்கு அப்படியே நிக்குது பாருங்க. இந்தப் பொண்ணு மூணு தடவ அளந்திருக்கா. என்கிட்ட சொல்லத்தான் மூணு நாளாச்சு." எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முப்பத்து நாலு வருஷமா நகராட்சி எடத்துல செடி வச்சுத் தண்ணி ஊத்திருக்கேன்."

"வாடகை கேக்க மாட்டோம், பயப்படாதீங்க," என்றார் ஹெட்விக்.

"செடிய நகத்திரலாம். சிலுவைய எங்க நகத்த?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். வலப்பக்கம் மின்சாரப் பெட்டி நகர்வதாக இல்லை. சின்னச் சிலுவை வாங்கலாம் என்றான் கோர்பீனியன். சிலுவை விற்கும் கடையை மதியமே பூட்டிவிட்டார்கள். நகராட்சியிடம் அனுமதி கேட்கலாம் என்றார் அன்ஸிங்கர். மன்றம் கூடுவது ஜூலையில். கையை ஆறரை சென்டிமீட்டர் அறுத்துவிடலாம் என்று ரீடல் சொன்னதும் எல்லோரும் அவரை ஒரே பார்வை பார்த்தார்கள். அவர் ரொட்டிக்குத் திரும்பினார்.

ஹெட்விக் சுவரருகே வந்து நின்றார். அஃப்ரா இப்போது பென்சிலால் இட்டுக் காட்டிய புதிய எல்லைக் கோட்டை விரலால் தொட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இடது கை வரவிருந்த இடத்தில், உள்ளங்கையை அகல விரித்து வைத்துப் பார்த்தார். கை அகலத்தில் முக்கால்.

"இது நகராட்சிச் சுவரு. அப்படித்தானே?"

"ஆமா," என்றாள் அஃப்ரா.

"உங்க அரசாணை இங்க செல்லாது."

"செல்லாது."

"அப்போ இந்த ஆறரை சென்டிமீட்டர் அடையாளம் கிடையாது. பண்பாடு கிடையாது. யாரும் ஆணை போட்டு இங்க வரல. தானா வந்து நிக்குது." கையை எடுத்தார். "இது சும்மா சிலுவை. இத நான் வேண்டாம்னு சொல்ல முடியாது. மாட்டுங்க. என் பக்கத்துக் கைய நான் தொடச்சுக்கறேன். மீதிய நீங்களாச்சு, உங்க அமைச்சராச்சு."

அன்ஸிங்கர் கோப்பில் 'முழுவதும்' என்ற சொல்லை அடித்தார். சற்று யோசித்து, எண்பத்தேழு சதவீதம் என்று எழுதினார். கோர்பீனியன் எட்டிப் பார்த்து, தசம இடம் விட்டுப்போச்சே என்றான். ரீடல் தன் எல்லைச் சான்றின் பின்பக்கத்தில் இந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. அஃப்ரா கையெழுத்துப் போட்டாள். துளைக் கருவி அலறியது. வெள்ளைப் பொடி உதிர்ந்து நகராட்சியிலும் மாநிலத்திலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது. அவளுக்குக் காது மடல்கள் ஆறியிருந்தன. இந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் இவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. பேசி முடித்தும் கூரை அங்கேயே இருந்தது. உள்ளே ஒரு சிரிப்பு குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. மூன்று மணி ஆகப் போகிறது என்பதை மட்டும் அது மறக்க விடவில்லை.

சிலுவை ஓக் மரத்தில் செய்தது, எதிர்பார்த்ததைவிடக் கனம். அன்ஸிங்கரும் ரீடலும் தூக்கிக் கொடுக்க, அஃப்ரா சிலுவையின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இரண்டு கொக்கிகள். ஒன்றைத் திருகாணியில் மாட்டினால் மற்றது விலகியது.

"இன்னொரு ஆள் வேணும், அந்தப் பக்கம்," என்றாள்.

"கோர்பீனியன்," என்றார் அன்ஸிங்கர்.

"இடுப்பு சார்."

அப்போது வெளிக்கதவு திறந்தது. முதலில் குழந்தை வண்டியின் முன்சக்கரம் வந்தது, பிறகு குரல் வந்தது. பூர்கி நகரத்து நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். அவள் மெதுவாகப் பேசினாலே தண்ணீரைத் தாண்டிக் கேட்கும்.

"அங்க என்னடி பண்ற, சர்க்கஸா? எறங்கு. பேப்பர் எங்க?"

"இப்ப எறங்க முடியாதுக்கா."

"ஏன் முடியாது? ஆம்பளைங்க மூணு பேரு கீழ நின்னு வேடிக்கை பாக்கறீங்களே, பாவம் அவ ஒத்தையா..." சொல்லிக்கொண்டே வண்டியை ஹெட்விக்கின் பக்கம் தள்ளினாள். "கொஞ்சம் பாத்துக்கங்க மேடம். வாயில எது கெடச்சாலும் போட்டுக்குவா." செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் கேட்காமலே, ஏணியின் இடப்பக்கத்துப் படிகளில் ஏறினாள். ஏணி ஒருமுறை முனகி நின்றது. "எங்க பிடிக்கணும்?"

"கைய. அந்தக் கைய. லேசாத் தூக்கு."

"இங்கயா?"

"அதே. கோட்டப் பாரு. கோட்டுக்கு மேல போகாத."

இருவர் முகமும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. நடுவில் சிலுவை. பூர்கியின் மூக்கு நுனியில் பச்சைக் கோட்டின் ஒரு துண்டு விழுந்திருந்தது. அவள் குரலைத் தணித்தாள். அவளைப் பொறுத்தவரை அது ரகசியம், கீழே எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லுடி. வாங்கினியா இல்லியா? பையில இருக்கா? நானே எடுத்துக்கறேன். அம்மா உனக்கு நீலத்துல கவுன் எடுத்து வச்சிருக்கா. ஃபாதர் வேற, மெழுகுவத்தி யாரு பிடிக்கறாங்கன்னு பேரு கேட்டு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. உன் பேரச் சொல்லிட்டேன்."

ஹெட்விக் வண்டியின் மேல் குனிந்தவர் அப்படியே நின்றார். கோர்பீனியன் லேசர் மட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அஃப்ரா ஏணியில் நான்காவது படியில் நின்றாள். இரண்டு கையிலும் கனம். எங்கும் போக முடியாது. பயம் வரும் என்று காத்திருந்தாள். அதற்கு முன் அந்தப் பழைய குமிழ்ச் சிரிப்பின் மிச்சம் வந்தது. அவள் அதை அடக்கவில்லை.

"ஏன் சிரிக்கற?"

"அக்கா, என்னால அந்தப் பேப்பர் வாங்க முடியாது. யாரும் தர மாட்டாங்க." எண்ணைப் படிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள். "நான் திருச்சபையில இல்ல. ஆறு வருஷம் முந்தியே கையெழுத்துப் போட்டு வெளிய வந்துட்டேன்."

பூர்கியின் கண் கோட்டை விட்டுத் தங்கையின் முகத்துக்கு வந்தது. ஆனால் அவள் கை இருந்த இடத்திலேயே இருந்தது. பச்சைக் கோட்டை விட்டுச் சிலுவை இம்மியும் இறங்கவில்லை.